நெய்க்குறி முதல் புரதக்குறி வரை

'குறி' என்னும் தமிழ்ச் சொல் வியப்பான ஒரு சொல். மதுரைச் சீமையின் சிற்றூர்களில் கோடாங்கி உடுக்கடித்துச் சொல்வதும் குறிதான். குறவஞ்சியில் குறத்தி கைரேகை பார்த்துச் சொல்வதும் குறிதான். சித்த வைத்தியர் நோயாளியின் சிறுநீரில் பார்ப்பது நீர்க்குறி, நெய்க்குறி. இன்றைய உயிர்வேதியியலார் நோயாளியின் குருதியிலும் திசுவிலும் தேடுகின்ற புரதங்களையும் நாம் 'குறிப்புரதங்கள்' என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. இவர்கள் அனைவரிடமும் நோயாளியின் வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பிழைப்பாரா, மாட்டாரா? பிழைப்பார் எனில், எவ்வளவு காலம்?

கேள்வி ஒன்றாயினும் விடைகளின் தன்மை ஒன்றல்ல. ஒரு குறியை நாம் எதனால் நம்புகிறோம் என்பதில்தான் அந்த வேறுபாடு இருக்கிறது. நுரையீரல் புற்றுநோயாளரின் ஆயுளை முன்னுரைக்கும் புரதங்களைத் தேடிய வரலாற்றை, மதுரையையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் மனத்திற் கொண்டு, இக்கட்டுரையில் பார்க்க முற்படுகிறோம்.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் சிறுநீர்ச் சோதனைக்குத் தனி இடம் உண்டு. தேரையர் பெயரால் வழங்கும் நூல்கள் இதை விரிவாகப் பேசுகின்றன. வைகறையில் முதலில் கழியும் நீரைக் கிண்ணத்தில் ஏந்தி, அசையாமல் வைத்து, அதன்மேல் நல்லெண்ணெய் ஒரு துளி விடுவார்கள். துளி பாம்பென நீண்டால் வாதம். மோதிரமென வட்டமிட்டால் பித்தம். முத்தெனத் திரண்டு நின்றால் கபம். இதில் நாம் கவனிக்க வேண்டியது, நெய்க்குறி நோயின் பெயரை அறிவதோடு நிற்கவில்லை என்பதை. இந்நோய் தீரும் இனமா, தீரா இனமா என்பதையும் அத்துளியிடம் கேட்டார்கள். சாத்தியம், அசாத்தியம் என்று நோய்களைப் பிரித்த மரபு அது. எண்ணெய் நீரில் எப்படிப் பரவும் என்பது நீரின் பரப்பு இழுவிசையைப் பொறுத்தது. சிறுநீரில் கரைந்துள்ள பொருள்கள் அவ்விசையை மாற்றவும் கூடும். ஆகவே அந்த நோக்கில் அடிப்படையே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எத்தனை பேருக்குக் குறி பார்த்தார்கள், எத்தனை பேருக்குப் பலித்தது, எத்தனை பேருக்குப் பொய்த்தது என்ற கணக்கு நம் கைக்கு வரவில்லை.

சிறுநீரில் குறி பார்க்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இருந்தது. புற்றுநோய்க்கான முதல் புரதக்குறி அந்த வழியில்தான் கிடைத்தது என்பது வரலாற்றின் சுவையான திருப்பங்களுள் ஒன்று. 1845ஆம் ஆண்டு நவம்பர் மாதம், லண்டனில் எலும்பு நோவால் துன்புற்ற நடுவயது மளிகை வணிகர் ஒருவரின் சிறுநீர், ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் மருத்துவ வேதியியலாரிடம் சோதனைக்கு வந்தது. அது விசித்திரமான நீர். இளஞ்சூட்டில் கலங்கியது, கொதிக்கையில் தெளிந்தது, ஆறுகையில் மீண்டும் கலங்கியது. அறிந்த புரதம் எதுவும் அப்படி நடந்துகொள்வதில்லை. 1846 சனவரி முதல் நாள் நோயாளி இறந்தார். அவருடைய எலும்புகள் மென்மையாகி நொறுங்கும் நிலையில் இருந்தன. இத்தகைய எலும்பு நோயாளரிடம் இப்பொருளை இனித் தேடிப் பார்க்க வேண்டும் என்று பென்ஸ் ஜோன்ஸ் எழுதினார். எலும்பு மச்சையில் தோன்றும் மயலோமா என்ற புற்றின் அடையாளமாக அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அது நோய் எதிர்ப்புப் புரதத்தின் ஒரு துண்டு என்பதை 1962இல்தான் எடெல்மனும் கேலியும் காட்டினார்கள். குறி கிடைத்ததற்கும் அதன் பொருள் விளங்கியதற்கும் இடையே நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்தன.

இவ்வாறு நோயை அடையாளம் காட்டுவது ஒரு பணி. அந்த நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்று சொல்வது வேறு பணி. முன்னதற்கு ஒரு நோயாளியும் ஒரு சோதனைக் குழாயும் போதும். பின்னதற்கு நூற்றுக்கணக்கான நோயாளரும், அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து செல்லும் பொறுமையும் வேண்டும்.

நுரையீரல் புற்றின் கதை இதை நன்கு விளக்கும். 1912இல் ஐசக் ஆட்லர் இந்நோயைப் பற்றித் தனி நூல் எழுதியபோது, இது மிக அரிய நோய் என்பதால் இதற்கென நூல் தேவையா என்ற தயக்கத்தோடுதான் தொடங்கினார். அதன்பின் சிகரெட் உலகெங்கும் பரவியது. 1950இல் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் லண்டன் மருத்துவமனை நோயாளரிடம் விசாரித்து, புகைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை வெளிப்படுத்தினர். அதோடு நிற்காமல், 1951இல் பிரித்தானிய மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி அவர்களுடைய புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்து, 34,439 ஆண் மருத்துவர்களின் வாழ்வையும் சாவையும் தொடர்ந்து பதிவு செய்தனர். ஐம்பது ஆண்டுகள் நீண்ட அந்தப் பதிவின் முடிவு 2004இல் வெளியாயிற்று. புகைப்பழக்கத்தை விடாதவர்கள் சராசரியாகப் பத்தாண்டு வாழ்வை இழந்தார்கள் என்பது அதன் சாரம். அதில் நுண்ணிய கருவி எதுவும் இல்லை. கடிதங்கள், இறப்புச் சான்றுகள், எண்ணுகின்ற மனிதர்கள், அவ்வளவே.

புகையிலை மதுரைச் சமவெளிக்கு அயலானதன்று. பழைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த திண்டுக்கல், வெள்ளையர் ஆட்சிக் காலத்திலேயே புகையிலைக்கும் சுருட்டுக்கும் பெயர் பெற்றது. ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிலகம் அங்கே இருந்தது. அதன் சுருட்டுகள் கடல் கடந்து சென்றன. வெற்றிலைப் பையில் ஒரு துண்டு புகையிலையும் சட்டைப் பையில் ஒரு கட்டு பீடியும் இல்லாத உழவரைக் காண்பது அரிதாக இருந்த ஊர்கள் இவை. இருமல் நீடித்தால் இவ்வூர்களில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அது இயல்பே, காசநோய் அவ்வளவு மிகுதி. ஆனால் நிழற்படத்தில் தெரியும் திட்டைக் காசநோய் என்று கொண்டு மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, பிறகே அது புற்று என்று தெரிய வருவது இந்திய மருத்துவ இதழ்களில் பல்லாண்டுகளாகப் பதிவாகிவரும் துயரம். இந்தத் தாமதத்தின் விலை நோயாளியின் ஆயுள்தான்.

இனிப் புரதங்களுக்கு வருவோம். 1963இல் மாஸ்கோவில் கேரி அபெலெவ், ஈரல் புற்றில் மிகும் ஆல்ஃபா ஃபீட்டோபுரதத்தைக் கண்டார். 1965இல் கனடாவின் மான்ட்ரியாலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் குடற்புற்றில் ஒரு புரதத்தைக் கண்டனர். கருவிலிருக்கும் சிசுவிலும் அது காணப்பட்டதால் புற்றுக்கரு எதிர்ப்பொருள் எனப் பெயர் பெற்றது, சி.இ.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். ஒரு சொட்டு இரத்தத்தில் புற்றுநோயை அறிந்துவிடலாம் என்ற பெரும் நம்பிக்கை அப்போது பிறந்தது. ஆனால் அப்புரதம் வேறு நோய்களிலும் உயர்ந்தது. நோயற்ற புகைப்பழக்கத்தாரிடமும் சற்று உயர்ந்தே காணப்பட்டது. தனியொரு புரதம் குறி சொல்லுமென்ற நம்பிக்கை தளர்ந்து, பல புரதங்களைச் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் வலுப்பெற்றது.

அதற்கான கருவி 1975இல் வந்தது. பாட்ரிக் ஓ'ஃபாரல் செம்மைப்படுத்திய இருபரிமாணக் கூழ்முறை அது. திசுவிலுள்ள புரதக் கலவையை முதலில் மின்னேற்றத்தால் ஒரு திசையில் பிரிப்பார்கள். பின்னர் எடையால் அதற்குக் குறுக்குத் திசையில் பிரிப்பார்கள். இறுதியில் ஒரு தகட்டளவுக் கூழில் நூற்றுக்கணக்கான புள்ளிகள், மார்கழிக் கோலத்தின் புள்ளிகளைப்போலப் பரந்து கிடக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு புரதம், அல்லது ஒரு புரதத்தின் ஒரு வடிவம். எந்தப் புள்ளி எந்தப் புரதம் என்பதை அறியப் பொருண்மை நிறமாலைமானி உதவியது. பெரிய புரத மூலக்கூறுகளையும் சிதைக்காமல் அதில் எடை காணும் வழிகளை வகுத்தமைக்காக ஜான் ஃபென்னும் கோய்ச்சி தனாக்காவும் 2002இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பியரும் சமிர் ஹனாஷும் சார்ந்த குழு இக்கருவியைக் கொண்டு நுரையீரல் புற்றை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. நுரையீரலின் சுரப்பித் திசுப் புற்றுக் கட்டிகள் 90. அவற்றில் அளவிட்ட புரதப் புள்ளிகள் 682. அக்கட்டிகளுக்குரிய நோயாளரில் யார் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்ற செய்தியோடு ஒவ்வொரு புள்ளியையும் ஒப்பிட்டனர். ஆயுளோடு தொடர்புடைய புள்ளிகள் 46 தேறின. அவற்றுள் 33க்குப் பெயர் கண்டனர். சர்க்கரையை உடைத்து ஆற்றலாக்கும் கிளைக்கோலிசிஸ் என்னும் வழியின் உறுப்புகள் பல குறைந்த ஆயுளோடு இணைந்திருந்தன. அவற்றுள் பாஸ்ஃபோகிளிசரேட் கைனேஸ் 1 என்ற நொதி தனித்து நின்றது. வேறு 117 கட்டிகளிலும், வேறு 107 நோயாளரின் இரத்தச் சீரத்திலும் தேடியபோதும் அதே தொடர்பு தென்பட்டது. பசித்த கட்டி விரைந்து கொல்லும் என்று இதை எளிமையாகப் புரிந்துகொள்ளலாம்.

அவர்கள் தங்கள் குறியைச் சோதித்த முறையை வாசகர்கள் அறிந்திருப்பது நன்று. ஒரு நோயாளியை ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சியவர்களை மட்டும் கொண்டு குறியை அமைப்பது. பின்னர் ஒதுக்கியவருக்கு அக்குறி பலிக்கிறதா என்று பார்ப்பது. இப்படியே ஒவ்வொருவரையும் முறைவைத்து ஒதுக்கிப் பார்ப்பது. முதல் நிலையிலிருந்த நோயாளரிடமும் இருபது புரதங்களின் தொகுப்பு ஆயுளை ஓரளவு முன்னுரைத்தது. கோடாங்கியின் குறி பலித்தால் ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும், பொய்த்தால் மறந்துவிடும். இங்கோ பொய்த்ததையும் எழுதி வைத்தாக வேண்டும். அந்த எழுத்துதான் குறிக்கு மதிப்பைத் தருகிறது.

இப்போது மதுரைக்குத் திரும்புவோம். 1966இல் தோன்றி, 1978இல் காமராசர் பெயரைத் தாங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம், மூலக்கூற்று உயிரியலில் நாடறிந்த இடங்களுள் ஒன்றாக விளங்கியது. அங்கே பேராசிரியர் கே. தர்மலிங்கம் குழுவினர் மிச்சிகனில் பயன்பட்ட அதே இருபரிமாணக் கூழ்முறையை வேறொரு நோய்க்குப் பயன்படுத்தினர். அது தொழுநோய். தொழுநோயாளர் சிலருக்கு, சிகிச்சையின் நடுவிலேயே உடலெங்கும் சிவந்த வலி மிகுந்த கணுக்களும் காய்ச்சலுமாக ஓர் எதிர்வினை மூண்டெழும். நரம்புகளைக் கெடுத்து ஊனத்தில் கொண்டுபோய் விடக்கூடியது அது. யாருக்கு அது வரும் என்று முன்கூட்டி அறிந்தால் காக்கலாம். அவ்வெதிர்வினைக்கு உள்ளானவர்களின் சீரத்தில் ஹாப்டோகுளோபின் என்ற புரதத்தின் வடிவங்கள் மாறுபடுவதை 2007இல் இக்குழு வெளியிட்டது. ஆல்ஃபா 1 அமில கிளைக்கோபுரதம் என்ற மற்றொன்று அந்நிலையைக் கண்காணிக்க உதவலாம் என்று 2010இல் எழுதியது.

நுரையீரல் புற்றைப் பேசும்போது தொழுநோய் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். ஹாப்டோகுளோபின் நுரையீரல் புற்றுநோயாளரின் சீரத்திலும் மிகுந்து காணப்படுவதாக வேறு நாடுகளின் ஆய்வுகள் கூறியிருக்கின்றன என்பதே விடை. உடலில் எங்கு அழற்சி மூண்டாலும் ஈரல் இப்புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும். மணி அடிக்கிறது என்பது தெரியும். எந்தக் கோயில் மணி என்பது தெரியாது. காசநோயும் பிற தொற்றுகளும் மலிந்த ஒரு சமவெளியில் இதன் பொருள் ஆழமானது. தொற்றுக் குறைந்த அயல்நாட்டு நகரில் பலித்த குறி ஒன்று உசிலம்பட்டியிலோ மேலூரிலோ பலிக்குமென்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்குள்ளவர்களிடம் சோதித்துப் பார்த்தாக வேண்டும். சோதிப்பதென்றால், இங்குள்ளவர்கள் நோய்க்குப்பின் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

உண்மையான இடர் இங்கேதான் தொடங்குகிறது. எர்ஸ்கின் மருத்துவமனை என்று முன்னர் அழைக்கப்பட்ட மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத் தென் மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் நோயாளர் வருகின்றனர். இத்தகைய எந்தப் பெரிய மருத்துவமனையிலும், சில முறை வந்தபின் வராமற் போகிறவர்கள் உண்டு. குணமாகி வரவில்லையா, பேருந்துக் கட்டணம் இல்லாமல் வரவில்லையா, இறந்துவிட்டாரா? ஆயுட்கணக்கின் முறை ஒன்றை 1958இல் கப்லனும் மேயரும் வகுத்தனர். பார்வையிலிருந்து மறைந்தவரை, மறைந்த நாள்வரை உயிரோடிருந்தவராகக் கொண்டு, அதற்குமேல் கணக்கிலிருந்து விலக்கிவிடும் முறை அது. மறைந்தவர்களும் இருப்பவர்களைப் போன்றவர்களே என்றால் அது நேர்மையான கணக்கு. மறைந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தவர்கள் என்றால், அக்கணக்கு உண்மையைவிட நீண்ட ஆயுளைக் காட்டும். ஏழைகளின் சாவு இவ்வாறு ஏட்டில் வாழ்வாகிவிடும். அந்த ஏட்டை வைத்து எந்தப் புரதத்தை எடை போட்டாலும் தராசு பிழையானதே.

இந்த இடரைத் தீர்க்க முயன்ற ஓர் ஊர் மதுரைக்கு வடமேற்கே, ஒட்டன்சத்திரத்தை அடுத்து இருக்கிறது. அதன் பெயர் அம்பிளிக்கை. 1985இல் மதுரையிலிருந்து பிரிந்த திண்டுக்கல் மாவட்டத்தின் புற்றுநோய்ப் பதிவேடு அங்குள்ள கிறித்தவத் தொண்டு மருத்துவ நிலையத்தில் 1990களின் நடுவில் தொடங்கப்பட்டது. நகரங்களைச் சார்ந்தே பெரும்பாலான பதிவேடுகள் இருந்த காலத்தில், இது சிற்றூர்களின் ஏடு. நோயாளர் மருத்துவமனைக்கு வந்து பதிவாவதற்காகக் காத்திராமல், பணியாளர்கள் ஊரூராகச் சென்று, மருத்துவமனைகளையும் இறப்புப் பதிவுகளையும் தேடி எண்ணினார்கள். கருப்பை வாய்ப் புற்று உலகிலேயே உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக இம்மாவட்டத்தில் இருந்தது என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

அந்த ஏடு இருந்ததால்தான் அடுத்த அடியும் சாத்தியமாயிற்று. 114 ஊர்த் தொகுதிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் பெண்களுக்கு வினிகர் தடவிக் கண்ணால் நோக்கும் எளிய சோதனை அளிக்கப்பட்டது. அப்பாதியில் தகுதியுள்ள பெண்கள் 49,311 பேர். 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. புதிதாக நோய் தோன்றுவது 25 விழுக்காடும், அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. அடுக்களையில் கிடைக்கும் வினிகரைக் கொண்டு செய்த சோதனை உயிர் காக்கிறது என்பது உலகுக்குத் தெரிந்தது. மற்றப் பாதிப் பெண்களுக்குச் சோதனை அளிக்காமல் ஒப்பீட்டுக்காக மட்டும் வைத்திருந்தது அறமா என்ற கடுமையான விவாதமும் பின்னர் எழுந்தது. எண்ணுவது என்பது கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதாகிவிடக் கூடாது என்ற அந்தக் கேள்வி நியாயமானது. அதை மறைத்துவிட்டு இவ்வரலாற்றைச் சொல்வது முறையாகாது. 2012 முதல் தமிழ்நாடு முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம், அடையாறு புற்றுநோய் நிலையத்தை மையமாகக் கொண்டு இயங்குகிறது. மதுரையும் அதில் அடங்கும்.

நுரையீரல் புற்றின் புரதக்குறிகள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன? 2003இல் புகழ்பெற்ற அந்த நொதியின் அளவைப் பார்த்து எந்த மருத்துவரும் அன்றாடம் ஆயுள் சொல்வதில்லை. கட்டியின் அளவு, நிணநீர் முடிச்சுகளில் பரவியிருப்பது, தொலை உறுப்புகளில் பரவியிருப்பது ஆகியவற்றைக் கொண்டு நிலை வகுப்பதே இன்றும் முதன்மையான கணிப்பு. ஆனால் வேறொரு வகைக் குறி வெற்றி பெற்றிருக்கிறது. 2004இல், இ.ஜி.எஃப்.ஆர். என்னும் புரதத்தின் மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் உள்ள கட்டிகளே ஜெஃபிட்டினிப் மாத்திரைக்கு நன்கு சுருங்குகின்றன என்பது தெரிந்தது. அம்மாற்றம் ஆசியர்களிடமும் புகைக்காதவர்களிடமும் மிகுதி. கட்டியின் மேற்பரப்பிலுள்ள பி.டி.எல்.1 என்ற புரதத்தின் அளவோ, நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து யாருக்குப் பயன்படும் என்று கணிக்க உதவுகிறது. அத்துறைக்கு வழிகோலிய ஜேம்ஸ் அல்லிசனுக்கும் தாசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இவ்விரு வகைக் குறிகளின் வேறுபாட்டை நாம் உணர வேண்டும். ஒன்று, நாள் சொல்வது. மற்றொன்று, வழி சொல்வது. ஆயுள் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போகும் குறியால் நோயாளிக்கு ஆகப்போவது சிறிது. இந்த மருந்து உனக்குப் பொருந்தும், அந்த மருந்து பொருந்தாது, வீண் செலவையும் வீண் வலியையும் தவிர்த்துவிடு என்று சொல்லும் குறியே நோயாளிக்கு உதவுகிறது. நெய்க்குறி பார்த்த வைத்தியரும், தம் அளவில், வாத பித்த கபம் அறிந்து மருந்தைத் தேர்வதற்காகவே அத்துளியை உற்று நோக்கினார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. வழி சொல்லும் அந்த நோக்கம் பழையது. பலித்ததையும் பொய்த்ததையும் எழுதி வைக்கும் ஒழுக்கமே புதியது.

அந்த ஒழுக்கத்துக்கு ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. மிச்சிகன் கட்டுரையின் 90 கட்டிகளுக்குப் பின்னால் 90 மனிதர்கள் இருந்தனர்; அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தேடிச் சென்று அறிந்த சிலரும் இருந்தனர். மதுரைச் சமவெளியில் அப்பணியைச் செய்கிறவர், தோளில் ஏட்டுப்பையோடு பேருந்திலிருந்து இறங்கி, பெயரையும் தெருவையும் கேட்டுக்கொண்டு போகும் பதிவேட்டுப் பணியாளர். அவர் தட்டும் கதவு திறந்து, உள்ளிருந்து வரும் விடை உள்ளபடியே ஏட்டில் ஏறினால்தான், எந்தப் புரதப் புள்ளிக்கும் இம்மண்ணில் ஒரு பொருள் உண்டாகும்.